இரவல் போகாத மெஷின்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சாமானை இரவல் வாங்கினால் வாங்கினபடி திருப்பித் தரத் தெரியாது, ஐயா. சட்டியை வாங்கினால் அடிப்பிடிக்க வைத்துத் தருவார்கள். மண்வெட்டியை வாங்கினால் பிடி ஆடும். கேட்டால் அது முந்தியே ஆடியது என்பார்கள். எனக்கு எழுபத்திரண்டு வயது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில் இருந்து எல்லாரையும் பார்த்துவிட்டேன். ஒருவரையும் நம்ப முடியாது.

என் பெயர் சின்னராசா. மூன்றாம் வகுப்போடு நின்றவன். தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டருக்கு உதவியாளாக முப்பத்தைந்து வருடம் வேலை செய்தேன். போன மாதம் கரண்ட் அடித்துச் செத்துப்போன ஜெயகாந்தன் என் மருமகன், மகள் சுலக்ஷனாவின் புருஷன். அந்த மரண விசாரணையை நடத்தினது நீங்கள்தான். ஈரத் தரை, வெறுங்கால், கவனக்குறைவு என்று எழுதி முடித்தீர்கள். அதில் ஒரு சொல் சரியில்லை. அதைச் சொல்லத்தான் காலை பஸ்ஸில் வந்தேன்.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்கிறேன். சுவரில் ஓட்டை போடுகிற, வயர் போட்ட ஹேமர் ட்ரில், பழைய காலத்து இரும்பு உடம்பு. ஃபெக்டரியில் புதுசு வந்தபோது கழித்துப்போட்டதை எனக்குக் கொடுத்தார்கள். நான் பார்த்துக்கொண்ட மாதிரி அதை வேறு யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் பிட்டில் கை வைப்பேன். காற்றுப் போகிற ஓட்டைகளில் சிமெந்துத் தூசு தங்காமல் பிரஷ் போட்டு எடுப்பேன். மோட்டாருக்குள் இருக்கிற காபன் தேய்ந்து பொறி கூடினால் அன்றைக்கே மாற்றிவிடுவேன். வயரை மெஷின்மேல் இறுக்கிச் சுற்றவே கூடாது. தளர்வாக வளையம் போட்டு வைக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டிஷ் அன்டெனா பூட்டுகிற றிச்சர்ட் இரண்டு நாளைக்கு என்று வாங்கிப்போய் மூன்று வாரம் வைத்திருந்தான். திருப்பித் தரும்போது வயரை மெஷின் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தான். இடது கையால் பிடிக்கிற முன்பக்கக் கைப்பிடியையும் தொலைத்துவிட்டான். அதற்குப் பிறகு வயர் உள்ளே நுழைகிற இடத்தில் வெடித்து, உள்கம்பி இரும்பைத் தொட ஆரம்பித்தது. தொடும்போதெல்லாம், கரண்ட் கசிந்தால் தானே அணைகிற ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீடு இருட்டாகும். அந்தத் தொல்லைக்காக பிளக்குக்குள் இருந்த எர்த் வயரை வெட்டிவிட்டேன். பின்னால் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பிடித்து, காய்ந்த இடத்தில் செருப்போடு நின்றால் ஒன்றும் செய்யாது. முன்பக்க இரும்பில் கை வைத்தால் அடிக்கும். எனக்குத் தெரியும், நான் வைக்கமாட்டேன்.

திருத்தியிருக்கலாம். அரை மணி நேர வேலை. புது வயர் கூட வாங்கி வைத்திருந்தேன். அதற்குள் மேல் லயத்து மத்தியாஸ் இரவல் கேட்டு வந்தான். கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் கையை உதறிக்கொண்டே திரும்பி வந்தான்.

"அண்ணே, இது மெஷினா நாயா? கடிக்குது."

"பழகின ஆளக் கடிக்காது" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் ஒழுங்காக விழுந்ததால் உதறலோடு போனது. கதை எல்லா லயத்துக்கும் போய்விட்டது. அதன்பிறகு ஏழு மாதம் என் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. மெஷின் என் கட்டிலடியில், நான் வைத்த இடத்தில், நான் வைத்தபடி இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதனால் திருத்தவில்லை. வெடிப்பு வெளியே தெரிந்தால் எவனாவது டேப் சுற்றி வேலைக்கு எடுத்துவிடுவான் என்று, சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் மாட்டினேன். தடவிப் பார்த்தாலும் விளங்காது. அவ்வளவு சுத்தமான வேலை.

இன்னொன்றும் இருக்கிறது. மழைக்காலத்தில் எங்கள் லயத்துச் சுவரெல்லாம் தண்ணீர் ஊறும். அந்த ஈரத்துக்கு ட்ரிப் சுவிட்ச் சும்மா சும்மா விழும். பாதிப் பேர் அது விழாமல் இருக்க அதைத் தாண்டி ஒரு துண்டு வயர் கொடுத்து, சுவிட்ச் பெட்டி மூடியைப் போட்டுவிடுவார்கள். ஜூன் மழையில் நானும் கொடுத்தேன். மழை விட்டதும் கழற்ற வேண்டும். அக்கரப்பத்தனையில் மழை எப்போது விடுகிறது.

ஜெயகாந்தன் கொழும்பில் கட்டட வேலை செய்தவன். மாதம் ஒரு தடவை வருவான். ஒரு கருவியை எடுத்தால் வயரை நுனியிலிருந்து நுனிவரை விரலால் தடவிப் பார்ப்பான். கண்ணுக்குக் கண்ணாடி போடுவான். மெஷினை இரண்டு கையாலும் பிடிப்பான். எனக்கு அது படம் காட்டுவது மாதிரித் தெரிந்தது. மாமா, மாமா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அதையும் நான் நம்பவில்லை.

ஜூலையில் குளிக்கிற அறையில் வழுக்கி விழுந்தேன். சுவரில் ஒரு பைப் பூட்டினால் அப்பா பிடித்துக்கொள்வார் என்று சுலக்ஷனாதான் அவனிடம் சொன்னாள். அவன் என்னிடம் இரண்டு தடவை ட்ரில் கேட்டான். முதல் தடவை, அது றிச்சர்ட்டிடம் இருக்கிறது என்றேன். இரண்டாம் தடவை, பிட் மழுங்கிவிட்டது என்றேன்.

"புது பிட்டு கொண்டாந்திருக்கேன் மாமா."

"நான் என்ன நொண்டியா, பைப்பப் புடிச்சிக்கிட்டுக் குளிக்க?" என்று எழுந்து போய்விட்டேன்.

மெஷின் அடிக்கும் என்று சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்து திருத்திவிடுவான். திருத்திவிட்டால் மறுபடியும் தோட்டமே இரவலுக்கு வரும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. சுலக்ஷனா குளிக்கிற அறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, துணி அலச தண்ணீர் பீலிக்குப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் ட்ரில் சத்தம் கேட்டது. கட்டிலடியிலிருந்து எடுத்துவிட்டான் என்று விளங்கியது. கழுவின தரையில் சேறு படக்கூடாது என்று செருப்பை வெளியே விடுவது அவன் பழக்கம். அதுவும் எனக்குத் தெரியும். நிப்பாட்டு என்று இருந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டிருந்தால் கேட்டிருக்கும். போடவில்லை. ஒரு தடவை கடிக்கட்டும், அப்போதுதான் அடுத்தவன் சாமானில் கை வைக்கமாட்டான் என்று நினைத்தேன். ட்ரிப் சுவிட்சில் வயர் கொடுத்திருந்தது ஞாபகம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது.

முதல் ஓட்டை நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதில் சத்தம் மாறியது. சுவருக்குள் இறங்கும்போது சத்தம் கனமாக இருக்கும். அது போய், வெறுமனே சுற்றுகிற சத்தம் வந்தது. நிற்கவே இல்லை. மெஷின் சுவிட்சில் விரல் இறுகிவிட்டால்தான் அப்படிச் சுற்றும். உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைத்தேன். அதோடு பின்பக்கம் ஓடியிருக்க வேண்டும். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டி மூடியைத் திறந்து, அந்தத் துண்டு வயரைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்திருந்தது. கொஞ்சம் நேரம் எடுத்தது. வயரை வெற்றிலைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அவன் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. உதடு ஒரு தடவை அசைந்தது. என்னைப் பார்த்தானா என்று சொல்ல முடியாது. நான் பாக்குவெட்டியை எடுத்து, வயரில் இருந்த டியூப் துண்டை வெட்டி உருவினேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். அவர்கள் வரும்போது உதடு அசையவில்லை. சுவரில் மீதி ஓட்டைகளுக்குப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். என் கை எட்டுகிற உயரத்துக்குச் சரியாக இருந்தது. என்னை எப்போது அளந்தான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பொலிஸ்காரர் வந்து வெடித்த வயரைப் பார்த்தார். இவ்வளவு பெரிய வெடிப்பைப் பார்க்காமலா பிளக் போட்டான் என்றார். ட்ரிப் சுவிட்சை அமுக்கினார்கள், விழுந்தது. செத்த வீட்டில் எல்லாரும் அதையேதான் பேசினார்கள். கொழும்பில் பெரிய வேலைக்காரன், இங்கே வந்து கவனமில்லாமல் போய்ச் சேர்ந்தான் என்று. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியத்தில் அவன் தாய் நாகலெட்சுமி எல்லார் முன்னாலும் என் மகளைப் பார்த்து, "நீ சொல்லலன்னா எம்புள்ள அந்தச் செவுத்துப் பக்கம் போயிருப்பானா?" என்று கேட்டாள். சுலக்ஷனா எழுந்து குளிக்கிற அறைக்குப் போனாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சுவரில் இருக்கிற ஓட்டைக்குள் விரலை விட்டுக்கொண்டு நிற்கிறாள். முந்தாநாள் என்னிடம் கேட்டாள்.

"அப்பா, அவரு தடவிப் பாக்காம பிளக்கு போடவே மாட்டாரு. அன்னைக்கு மட்டும் எப்பிடிப்பா பாக்காம போனாரு?"

விதி என்றேன்.

"இல்லப்பா. நாந்தான் சொல்லிச் சொல்லிக் கொன்னுட்டேன்" என்றாள்.

இதோ, மேசையில் வைக்கிறேன். ட்ரிப் சுவிட்சில் இருந்த வயர் இது. டியூப் துண்டு இது. கவனக்குறைவு என்று எழுதினதை வெட்டிவிடுங்கள். அவன் தடவிப் பார்த்துத்தான் எடுத்தான், தெரியாதபடி மறைத்து வைத்தது மாமனார் என்று எழுதுங்கள். கத்தாமல் இருந்ததையும், உயிர் இருக்கும்போது பாக்குவெட்டி எடுத்ததையும் சேர்த்து எழுதுங்கள். என் மகள் சொன்னதால் அவன் சாகவில்லை என்று ஒரு வரி தனியாக எழுதி, அதை அவளிடம் காட்டுங்கள். நான் சொன்னால் என் முகத்தைப் பார்ப்பாள். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை.

கையெழுத்து வைத்துவிட்டேன். பொலிஸ் வரும்வரை உட்காரச் சொல்கிறீர்கள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிறது. வந்தால் லயத்துக்கு அனுப்புங்கள், எங்கேயும் ஓடமாட்டேன். நான் நடக்கிறேன்.

ஆனால் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை, ஐயா. அடுத்தவன் சாமானை அப்படி எடுக்கலாமா? ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால், நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்.