வேட்டைக்காரசாமி கல்

நான் யாரிடமும் சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை சார். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் தர ஆய்வில் இருக்கிறேன். வனமாமலை எப்படி என்று கேளுங்கள், லைனில் எல்லோரும் சொல்வார்கள். பாகத்தில் முடியளவு கீறல் இருந்தாலும் ஒதுக்கி வைப்பேன், அவ்வளவுதான்.

மண்ணூர்ப் பக்கம் ஏரிக்கரையில் இருக்கும் அந்த நடுகல்லை முதலில் படித்தது நான். வில் பிடித்த வீரன், தலைக்கு மேலே ஐந்து வரி. மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன். ஆயிரத்து இருநூறு வருடத்து எழுத்து, கல்வெட்டு வகுப்புக்குப் போய்ப் படிக்கக் கற்றிருந்தேன். என் பக்கத்து வீட்டு சந்திரம்மாள் அக்காவுக்கு அது வேட்டைக்காரசாமி. வெள்ளி தவறாமல் சோப்புத்தூளும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெயும் மஞ்சளும் அப்புவார். நான் வந்தபோது ஐந்து வரி. இப்போது மூன்றரை.

"எழுத்து போகுதுக்கா, தேய்க்காதீங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன்.

"அழுக்கோட வுட்டா சாமி கோச்சிக்கும் தம்பி. எங்க மாமியார் காலத்துலேர்ந்து கழுவிக்கினு கீறோம். நேத்து வந்த நீ இன்னா சொல்றே?"

ஆறு வருடம் தொல்லியல் துறைக்கு மனுப் போட்டேன். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரசாணை வந்தால்தான் தொடுவது குற்றமாம். அதுவரை வெறும் கல். அதிகாரி மாறும்போதெல்லாம் மறுபடி போட்டோ கேட்டார்கள். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்று எத்தனை வருடம் இருப்பது? போலீசிடம் போனால், "கல்லுக்கு சோப்பு போட்டா கேஸா?" என்று சிரித்தார்கள்.

சட்டம் செய்ய வேண்டியதை நானே செய்தேன். கல்லைச் சுற்றி நாலு கம்பம் நட்டுக் கம்பி கட்டினேன். மோட்டார் கொட்டகையிலிருந்து கரண்ட் எடுத்தேன். முறைப்படி பலகையும் வைத்தேன். 'அபாயம். மின்வேலி. தொடாதீர்கள்.' சிவப்பு மையில், பெரிய எழுத்தில். எச்சரிக்காமல் நான் எதுவும் செய்யவில்லை.

அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. ரேஷன் கடை மெசேஜ் வந்தால் நான்தான் படித்துக் காட்டுவேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஈரப்புடவையும் வெறுங்காலுமாகத் தண்ணீர்ச் செம்போடு வருவார் என்பதும் தெரியும். ஆறரைக்கு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கரையில் நின்றேன்.

"வேலி போட்டியா தம்பி? நல்லதாப் போச்சு, இனிமே ஆடு மாடு வராது" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் பதில் சொல்லவில்லை. பலகை இருந்தது.

கம்பியை ஒரு கையால் தூக்கிக் குனிந்தார். ரொம்ப நேரம் துடிக்கவில்லை.

ஆனால் ஒன்று சார். கையிலிருந்த செம்பு பறந்துபோய்க் கல்லில் பட்டது. மூன்றாவது வரியில் ஓர் எழுத்து பெயர்ந்துவிட்டது. அதற்கு நான்தான் காரணம். அந்தக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.