மந்திரப் பெண்ணுக்கு மட்டும் லீவு

ஆகுர்டியிலிருந்து வரும் பஸ்ஸில் முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள். மராத்திப் பேச்சுக்கு நடுவே தமிழ் கேட்டதும் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“எம் பொண்ணு அந்த ஜப்பான் கார்ட்டூன் அனிமே பாக்க மாட்டேன்னு ஒரே அழுகைங்க்கா.”

“நல்லதுதானுங்களே?”

“என்ன நல்லது? ஆசையாப் பாக்கறாளேன்னு லீவுல ஜாப்பனீஸ் கிளாஸ்ல சேத்துவிட்டேன். தினம் ரெண்டு எபிசோடு பாத்து இருபது வார்த்தை எழுதோணும். அதுல வர்ற மந்திரக்கோல் பொண்ணு கோடை லீவு பூரா ஊர் சுத்திட்டு அரக்கனை அடிக்குது. ‘அவளுக்கு லீவு, எனக்கு எங்க?’ன்னு இவ கேக்கறா.”

“அப்புறம்?”

“நேத்து பாத்ரூமைப் பூட்டிட்டு வெளியவே வரல. தட்டித் தொறக்கச் சொன்னா, உள்ள ஒளிஞ்சு உக்காந்து கணக்குப் போட்டுட்டிருக்கா!”

மற்றவர் அவசரமாகப் போனை எடுத்தார்.

“அந்தக் கிளாஸ் நம்பரைச் சொல்லுங்க. எங்க வீட்டுலயும் ஒருத்தன் கணக்குன்னாலே ஓடறான்.”