கதவுக்குப் பின்னால் ஓராண்டு

எங்கள் அலுவலகக் கதவு கொஞ்சம் கனமானது ஐயா. காலையில் உள்பக்கமாகத் திறந்து சுவரோடு சாய்த்தால் சாயங்காலம் வரை அசையாது. எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள், கதவைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மூழ்கிய கப்பல்களில் மிஞ்சும் பொருள்களைக் கவனிப்பது என் வேலை. சொந்தக்காரர் தெரியாவிட்டால் ஏலம் விட்டு, பணத்தை ஓராண்டு வைத்திருப்போம். அந்த ஓராண்டும் அலுவலகக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். யாரும் மனு கொடுக்காவிட்டால் பணம் அரசாங்கக் கஜானாவுக்குப் போய்விடும்.

போன வருஷம் கரை சேர்ந்தவை நாற்பது தையல் மெஷின்கள். பெட்டிகளில் பெயர் அழிந்திருந்தது. ஏலம் முடிந்து, பசை தடவிய அறிவிப்போடு நான் நின்றிருந்தபோது ஒரு அக்கா வந்தார். தையற்கடை வைக்க வீட்டை அடமானம் வைத்து நாற்பது மெஷின் வரவழைத்தாராம். கப்பல் மூழ்கியது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"ஏதாவது மிஞ்சுச்சா தம்பி?"

"மிஞ்சியிருந்தா கதவுல நோட்டீஸ் போடுவோம்க்கா. வந்து பாத்துக்கிட்டே இருங்க."

அவர் போன பிறகு ஒட்டினேன். கதவின் உள்பக்கம். வெளியே சாரல் அடிக்கும், எழுத்து கெட்டுவிடும்.

வாரம் தவறாமல் வந்தார். வயதானவர் நிற்கலாமா என்று, திறந்த கதவையொட்டி ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தேன். அவர் முதுகுக்கும் அறிவிப்புக்கும் நடுவில் கதவுப் பலகை ஒன்றுதான். சும்மா இருக்கத் தெரியாதவர். என் சட்டைப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து, கையோடு தைத்துக் கொடுத்தார். தங்கமான மனுஷி. எட்டாம் மாதம் வீடு கையை விட்டுப் போனது. அன்று அழுதார். ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன்.

ஓராண்டு முடிந்து பணம் கஜானாவுக்குப் போனது. அறிவிப்பைக் கிழிக்கக் கதவை இழுத்தபோது பெஞ்சு இடித்தது. அவரேதான் நகர்த்திக் கொடுத்தார். அப்போதுதான் படித்தார்.

"இது எத்தன நாளா இங்க இருக்கு தம்பி?"

"நீங்க வந்த நாள்லேருந்து இருக்குக்கா."

அவரிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

ஏன் செய்தாய் என்கிறீர்கள். அவர் மனு கொடுத்திருந்தால் ஏலக் கோப்பைத் திறந்திருப்பார்கள். முப்பத்தொன்பது மெஷின் நல்ல விலைக்குப் போக, ஒன்று மட்டும் ஒரு குடையின் விலைக்குப் போனது எப்படி என்று கேட்டிருப்பார்கள். துருப் பிடிக்காத மெஷின் அது ஒன்றுதான். வாங்கியது என் மனைவி. ஒரே ஒரு மெஷினுக்காக என் உத்தியோகம் போக வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.

கஜானாப் பணத்தில் ஒற்றைக் காசை நான் தொடவில்லை. மெஷினும் வீட்டு மூலையில் சும்மாதான் கிடக்கிறது. என் மனைவிக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. அந்த அக்காவைத்தான் வந்து தைத்துத் தரச் சொல்லலாம் என்றிருந்தேன். இலவசமாக இல்லை ஐயா, கூலி கொடுத்துத்தான். வீடு வாசல் இல்லாதவர், பாவம், நாம்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.