கோடைக்கால சிலிண்டர்

கடுங்குளிரில் வண்டியை நிறுத்தினால் கை பிரேக்கை இழுக்கக் கூடாது, ஐயா. ஈரம் உறைந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் வண்டி நகராது. கியரில் போட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். டாட்ரா மலைப்பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திபோர் சமவெளிக்காரன். அவன் ஊரில் தர்பூசணி விளையும்.

அந்தக் கேரவனை என் தம்பி மரோஷும் நானும் சேர்ந்து வாங்கினோம். படுக்கை, அடுப்பு, ஹீட்டர் எல்லாம் உள்ள பழைய வண்டி. பனிக்காலத்தில் ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உள்ளே முட்டைக்கோஸ் சூப் கொதிக்கக் கொதிக்கச் சீட்டாடுவோம். மரோஷ் புற்றுநோயில் போன பிறகும் அவன் மனைவி இவெட்டாவும் மகள் ஜோர்காவும் என் வீட்டு மாடியிலேயே இருந்தார்கள். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. ஜோர்காவைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போவதும், காய்ச்சல் வந்தால் தலைமாட்டில் உட்காருவதும் நான்தான். அவள் பெரியப்பா என்று கூப்பிட்டால் போதும், எனக்கு அந்த நாள் நல்ல நாள்.

பிறகு இவெட்டாவின் வாழ்க்கையில் திபோர் வந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பனி உருகியதும் கல்யாணம், அதோடு மூவரும் அவன் ஊருக்குக் குடிபோவதாகப் பேச்சு. அதற்குமுன் மலையில் ஒரு ராத்திரி தங்கிவர மரோஷின் வண்டியைக் கேட்டார்கள். ஜோர்கா என்னோடு இருப்பாள் என்பது ஏற்பாடு.

"அத்தான், வண்டிய நீங்களே தயார் பண்ணிக் குடுத்துடுங்க," என்றாள் இவெட்டா. "இவரு டயர் மாத்தவே பக்கத்து வீட்டுக்காரரத்தான் கூப்பிடுவாரு."

"அப்படிச் சொல்லாத. அவருக்கு டீ போட்டுக் குடுத்தது யாரு? நான்தானே," என்றான் திபோர். நானும் சிரித்தேன்.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். தண்ணீர்க் குழாய்களுக்குத் துணி சுற்றினேன். கழிவுநீர் உறையாமல் இருக்கத் தொட்டியில் உப்பு கொட்டினேன். கண்ணாடிகளுக்குக் கனத்த திரை மாட்டி, தரையில் ஆட்டுத்தோல் விரித்தேன். ஹீட்டருக்கு காஸ் மட்டும்தான் பாக்கி. எங்களிடம் கோடைக்கு ஒரு சிலிண்டர், குளிருக்கு ஒரு சிலிண்டர் உண்டு. கோடை காஸ் உறைபனியில் கிளம்பாது; சிலிண்டருக்குள் தண்ணீர்போல் சும்மா கிடக்கும். நான் கோடைக்கால சிலிண்டரை மாட்டினேன். கொட்டகைக்குள் கணப்பு இருந்ததால் ஹீட்டர் நன்றாக எரிந்தது. இவெட்டா கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "சொர்க்கம் அத்தான்," என்றாள்.

மலையேறியதும் அணைந்துவிடும், இருவரும் நடுங்குவார்கள், இவனை நம்பி எப்படிக் காலம் தள்ளுவது என்று அவளுக்கு உறைக்கும், திரும்பி வந்து என் அடுப்படியில் உட்காருவார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான். திரும்பி வர வேண்டும் என்றால் கை பிரேக்கைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். அவன் கேட்கவில்லை, ஐயா.

வண்டியில் இருந்த விஷவாயு அலாரத்தைப் பற்றியும் கேட்டீர்கள். ஹீட்டர் அணைந்து, வண்டியும் நகராமல் போனால், யாராக இருந்தாலும் எஞ்சினை ஓடவிட்டுத்தான் குளிர் காய்வார்கள். மரோஷும் நானும் ஒரு வருஷம் அப்படிச் செய்தோம். கொட்டிய பனி புகைக்குழாயைச் சுற்றி மூடிக்கொண்டது. வண்டிக்குள் புகை ஏறியது. அந்த விஷம் மூக்குக்குத் தெரியாது. சுவரில் இருந்த அலாரம் கத்தித்தான் எங்களை எழுப்பியது. "இந்தச் சனியன் இல்லேன்னா நம்ம கதை கந்தல்ணே," என்று சொல்லி மரோஷ் அதற்கு முத்தம் கொடுத்தான்.

அலாரத்தின் பேட்டரி தீர்ந்திருந்தது, மாற்றலாம் என்று கழற்றியவன் மறந்துவிட்டேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். நல்ல பேட்டரிதான்.

அவர்கள் கிளம்பும்போது ஜோர்கா பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து ஓடிவந்தாள். அவளும் போக வேண்டுமாம்; வண்டியில் மரோஷ் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் படுக்க வேண்டுமாம். இவெட்டா வேண்டாம் என்றாள். ஜோர்கா திபோரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பெரியப்பாகிட்ட நீ கேளு. நீ கேட்டா விடுவாரு."

அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஒரு ராத்திரிதானே அண்ணே, வரட்டுமே," என்றான் அவன்.

சிலிண்டர் மாறிப்போச்சு, கொஞ்சம் இருங்க என்று நான் சொல்லியிருக்கலாம். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். திபோர் ஏதாவது சொல்லிக் கேலி செய்திருப்பான், அவ்வளவுதான். நான் வாயைத் திறக்கவில்லை. "கோச்சுக்காத பெரியப்பா, நாளைக்கு வந்துருவேன்," என்றாள் ஜோர்கா.

மலைமேல் செல்போன் எடுக்காது. மறுநாள் பனி வாரும் வண்டிக்காரர்தான் பார்த்தாராம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். மூவரும் ஒரே போர்வைக்குள் இருந்தார்களாம், குழந்தை நடுவில். அதைக் கேட்ட நாளிலிருந்து என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை. அவளுடைய செருப்பு இன்னும் மேல்படியில்தான் கிடக்கிறது. அழுது அழுது எனக்குக் கண்ணே எரிகிறது, ஐயா.

எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் குழந்தைமேல் எனக்குப் பாசம் இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி நகரும் முன் என் கம்பளித் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் மாட்டி, இரண்டு காதும் மூடும்படி இழுத்துவிட்டேன். அப்போது பேட்டரி என் கோட்டுப் பையில்தான் இருந்தது. ராத்திரி மேலே குளிர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. பிள்ளை தாங்க மாட்டாள்.