ஊதா மஞ்சளாகும் வெள்ளிக்கிழமைகள்

உட்லண்ட்ஸ் வட்டாரத்திலேயே என் கறிவேப்பிலைச் செடிக்கு ஈடு கிடையாது. எட்டாவது மாடி நடைபாதையில் அதன் வாசம் பிடித்து ஜொகூர்க் குருவிகள் பாஸ்போர்ட் இல்லாமல் கடல் தாண்டி வரும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்றவன் குறைத்துச் சொன்னால் கேட்க யார் வருவார்கள்?

முப்பது வருடம் உணவு ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் எந்த இலைச்சாறு காக்கும் என்று அளப்பது வேலை. ஊதாப் பொடி ஒன்று உண்டு. அதை ஸ்பிரிட்டில் கரைத்து இலைச்சாற்றைச் சொட்டுவிட்டால், இலையில் சத்து இருக்கும் அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். எண்பத்திரண்டாம் வருடம் ஓய்வு பெற்றபோது மீந்த குப்பி ஒன்றை எடுத்துவந்தேன். என் மனைவி பிரிஜட் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டாள். பேச்சுத்துணைக்கு ஒரு குப்பி.

கீழ்வீட்டு ஜலாலுதீன், தேக்கா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவர். மனைவி ரபியா கேட்டாள் என்று கறிவேப்பிலை பறிக்க வந்தவர் என் சோதனைக்குழாய்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

“என்ன லாசரஸ் சார், சாராயம் காய்ச்சுறீங்களா?”

“ஸ்பிரிட்டு, பாய். குடிச்சா கண்ணு போயிரும்.”

“மார்க்கத்துக்கும் ஆகாது, கண்ணுக்கும் ஆகாது. பின்ன எதுக்குலா வச்சிருக்கீங்க?”

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடித்து ஏதாவது ஓர் இலையோடு வருவார். இருவரும் குதிரைப் பந்தயம் பார்ப்பது போல நிறத்தைப் பார்ப்போம். மற்ற நாட்களில் என் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வெளியே வராது. வியாழன் மாலையே குழாய்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.

அடுத்த வருடம் அவர் வயிற்றில் கட்டி என்றார்கள். உடனே அறுத்தால் பிழைத்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஆப்ரேஷன் முடிஞ்சதும் மக ஜரீனா பினாங்குக்குக் கூட்டிட்டுப் போயிருவா சார். அங்கேயே இருந்துருங்கறா.”

“நல்லதுதானே” என்றேன்.

அன்று அவர் கொண்டுவந்தது சோற்றில் வாசத்துக்குப் போடும் பாண்டான் இலை. ஆய்வுக்கூடத்தில் அது என்றைக்குமே பெயிலான இலை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பியபோது வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் பொடித்துச் சாற்றில் கலந்தேன். ஊதா இருந்த இடம் தெரியவில்லை.

“முப்பது வருஷத்துல இப்படி ஒரு இலையப் பாத்ததில்ல பாய்.”

“அப்ப இதையே அவிச்சுக் குடிச்சா, கத்தி வேணாமா?”

“நான் என்ன டாக்டரா?” என்றேன். அது உண்மை. பிறகு குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். பொன் போல மின்னியது.

குழாயில் நிறம் வெளுப்பதற்கும் வயிற்றுக்குள் இருக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை அவர் கேட்கவில்லை.

ஆப்ரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரபியா அழுததாகக் கேள்வி. அவர் மாதாமாதம் இளைத்தார். நான் மாத்திரையைக் கூட்டினேன். சோதனையைப் பார்க்கும்போது அவர் முகம் அப்படித் தெளியும், கல்யாண மாப்பிள்ளை தோற்பான். லிஃப்ட் வரை நடக்க முடியாமல் போனபோது குழாய்களை நானே அவர் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். எத்தனை பேர் நண்பனுக்காக இவ்வளவு செய்வார்கள்?

டிசம்பர் மழையில் அடக்கம் செய்தார்கள். கட்டியால் மரணம் என்று எழுதினார்கள். அந்தக் கட்டிக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. அது வளர்வதற்கான அவகாசத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். அவரைக் கொன்றது நான் என்று எழுதியிருந்தால் மறுத்திருக்க மாட்டேன். கூடவே, கடைசி வரை அவர் பினாங்குக்குப் போகவில்லை என்பதையும் எழுதவேண்டும்.

இத்தா துக்கக்காலம் முடிந்து சில நாட்களில் ரபியா மேலே வந்தாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய முருங்கைக்கீரை.

“பிரஷர் மாத்திரை தின்னா ஒரே தலைசுத்துதுண்ணே. அவுக உங்களத்தான் நம்பினாக. இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

“வெள்ளிக்கிழமை வாம்மா” என்றேன்.

நான் யாரையும் வலிந்து அழைப்பதில்லை. அவர்களாகத்தான் வருகிறார்கள்.