அரசர் அங்கியில் மூக்குக்கண்ணாடிப் பை

வாக்குமூலம் அளிப்பவர்: ரத்னவேல், தகப்பனார் பெயர் மாணிக்கம். வயது 63. படிப்பு: தொடக்கநிலை ஆறு வரை. தொழில்: காண்டோ எனப்படும் தனியார் குடியிருப்பில் பாதுகாவலர், அதற்கு முன் முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டுநர். வசிப்பிடம்: ஃபேரர் பார்க் வட்டாரம், அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. மொழி: தமிழ். பதிவு செய்தவர்: காவல்துறை அதிகாரி அனுப்ரியா. நாள்: ஜூலை 16, புதன்கிழமை, காலை 10.40.

நான் மேற்படி வீட்டில் என் மனைவி சிவகாமசுந்தரியுடன் வசித்து வருகிறேன். இதுவரை என் மேல் எந்தப் புகாரும் வந்தது கிடையாது. முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியதில் வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. (அதிகாரி கேட்டதன் பேரில்: இரண்டு கீறல்கள் விழுந்தன. இரண்டும் எதிர் வண்டிக்காரர் தப்பு.) அப்பேர்ப்பட்ட என் மேல், சென்ற ஞாயிற்றுக்கிழமை மரினா பக்கம் நடந்த கணினி விளையாட்டுக் கண்காட்சியில் நான் ரகளை செய்ததாகவும், திரையை மறித்து நின்றதாகவும், பணியாளரை மிரட்டியதாகவும் நீலமணி ஸ்டூடியோ என்ற நிறுவனத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள். திருடினவன் புகார் கொடுக்கிறான், பறிகொடுத்த வீட்டுக்காரன் இங்கே உட்கார்ந்து பதில் சொல்கிறேன். இது என்ன நியாயம் என்று கேட்டேன். கேட்டதாக எழுதிக்கொள்ளச் சொன்னேன், எழுதப்பட்டது.

என் தங்கை கமலத்தின் மகள் யாமினி, வயது 27, கணினி விளையாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் உடை வடிவமைப்பாளராக வேலை செய்கிறாள். அந்த உடைகளுக்குத் துணியும் கிடையாது, நூலும் கிடையாது. திரையிலேயே துண்டு துண்டாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்து, அங்கே நிற்கும் பொம்மை ஆளுக்கு மாட்டினால், பட்டு பட்டு மாதிரியே மடியும், பருத்தி பருத்தி மாதிரியே கசங்கும். இந்த வேலையில் ஆசியாவிலேயே அவளுக்கு நிகர் ஆள் கிடையாது. (அதிகாரி கேட்டதன் பேரில்: ஆசியா முழுவதும் எனக்குத் தெரியாது. அவள் கம்பெனியில் ஆறு பேர். அந்த ஆறு பேரில் இவள்தான்.)

அந்தக் கம்பெனி அவளைச் சென்ற சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவள் செய்த அரசர் அங்கியை அவளே நீலமணிக்கு விற்றுவிட்டாள் என்பது அவர்கள் சந்தேகம். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று அவளால் பதில் சொல்ல முடியாவிட்டால் வேலை போகும். இந்தத் தொழிலில் அதன் பிறகு ஒருவரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். நான் கண்காட்சிக்குப் போனது இதற்காகத்தான். ரகளை செய்யப் போகவில்லை.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். இந்த வருடம் ஜனவரியில், துறைமுகம் ஒன்றை ஆளும் வயதான அரசருக்கு அங்கி செய்யும் வேலை யாமினிக்கு வந்தது. கணினியில் இருக்கும் பொம்மை ஆட்கள் எல்லாரும் ஜிம்முக்குப் போகிறவர்கள் போல இருப்பார்களாம், ஒருவருக்கும் தொப்பை கிடையாதாம். ஆகவே அவள் ராஜ களை உள்ள ஒரு உடம்பைத் தேடி நேராக என் வீட்டுக்கு வந்தாள். என்னை நிற்க வைத்து, உட்கார வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, நூறு இடத்தில் அளவு எடுத்தாள். (அதிகாரி கேட்டதன் பேரில்: இருபத்தாறு இடம்.) என் மனைவி சமையலறையிலிருந்து, "யாமினி, டேப்பு பத்தலன்னா சொல்லுடி, துணி காயப்போடுற கயிறு இருக்கு" என்றாள். வருடக்கணக்காகக் கியர் போட்டதில் என் இடது தோள் வலது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருக்கும். யாமினி அதையும் அப்படியே குறித்துக்கொண்டாள்.

அளவெடுத்து முடிந்த பிறகு, ராஜாவின் அங்கிக்குள்ளே இடது மார்புப் பக்கம் ஒரு பை வைக்கும்படி நான் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்றாள். மூக்குக்கண்ணாடி வைக்க என்றேன்.

"மாமா, அந்தக் காலத்து ராஜாவுக்குக் கண்ணாடி ஏது மாமா?"

"அறுபது வயசு ராஜான்னு நீதானே சொன்னே. ஓலை வந்தா எப்படிப் படிப்பாரு? மந்திரிகிட்ட கடன் வாங்குவாரா?"

சிரித்துவிட்டு, என் கண்ணாடிக் கூட்டை வாங்கி நீள அகலம் பார்த்து, அந்த அளவுக்கே பை வைத்தாள். கம்பெனியில் யாரும் கேட்டால் அரச முத்திரை வைக்க என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

அதன் பிறகு மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கி முடிந்து, கொண்டு வந்து மடிக்கணினியில் காட்டினாள். முகம் யாரோ ஒருவருடையது. ஆனால் நடை என் நடை. உட்கார்ந்தால் வயிற்றுக்கு மேல் பட்டு எப்படி மூன்று மடிப்பாக ஒதுங்குமோ அப்படியே ஒதுங்கியது. என் கண் கலங்கவில்லை, தூசி விழுந்தது. அதன் பிறகு சாப்பிட்டோம். நண்டு. அதன் பிறகு யாமினி சற்று நேரம் தூங்கிவிட்டு, மாலையில் கிளம்பிப் போனாள்.

அதன் பிறகு இம்மாதம் 12ஆம் தேதி சனிக்கிழமை மதியம் தங்கை கமலம் சிராங்கூனிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, எம் புள்ளைய திருடின்னு சொல்றாங்கண்ணே" என்று அழுதாள். கண்காட்சியில் நீலமணி அரங்கில் அதே அங்கியை யாமினியின் முதலாளி பார்த்துவிட்டார் என்றும், அங்கியின் கோப்பு இரண்டே இடத்தில்தான் இருந்தது என்றும் சொன்னாள். ஒன்று அலுவலகக் கணினி. அதை யார் திறந்தாலும் பதிவாகிவிடும். மற்றது யாமினி அனுமதி வாங்கி எடுத்துச் செல்லும் தம்பு டிரைவ், கோப்புகளைச் சேமிக்கும் கட்டைவிரல் அளவுக் கருவி. அது தன் பையை விட்டு ஒரு நாளும் வெளியே போகவில்லை என்று யாமினியே அவர்களிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறாள். அப்படியானால் கொடுத்தது நீதான் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிறு காலை, என் மனைவி வேண்டாம் என்று சொல்லியும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண்காட்சிக்குப் போனேன். நீலமணி அரங்கில் ஆள் உயரத் திரை ஒன்று நிலைக்கண்ணாடி போல வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே யார் நின்றாலும், திரையில் தெரியும் அவர்கள் உருவத்தின் மேல் அரசர் அங்கி வந்து ஏறிக்கொள்ளும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன்கள் ஒவ்வொருவருக்கும் வயிற்றுப் பக்கம் சாக்கு போலத் தொங்கியது, இடது தோள் சரிந்தது. அரங்கில் நின்ற பணியாளர் கபிலன், சுமார் முப்பது வயது, "ஃப்ரீ சைஸ் லா, அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு என் முறை வந்தது. நான் போய் நின்றேன். அங்கி வந்து ஏறியது. தோள் தோளில் உட்கார்ந்தது, வயிறு வயிற்றில் உட்கார்ந்தது, ஒரு சுருக்கம் இல்லை. முந்நூறு பேர் கை தட்டினார்கள். (அதிகாரி கேட்டதன் பேரில்: முப்பது பேர் இருக்கும். எல்லாரும் தட்டவில்லை.)

கபிலன், "வாவ் அங்கிள், பெர்ஃபெக்ட் ஃபிட் லா! உங்களுக்கே தெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

"எனக்கே தெச்சதுதான் தம்பி. இது என் உடம்பு. தெச்சது என் தங்கச்சி மக."

"எல்லாரும் ஃபேமிலிதான் அங்கிள். சரி, நெக்ஸ்ட் ப்ளீஸ்."

"இரு. உள்ளே ஒரு பை இருக்கே, அது எதுக்கு?"

"அதுவா, ஹிஸ்டாரிக்கல் லா. ரிசர்ச் பண்ணி வெச்சோம். ராஜாங்க விஷம் வைக்கிறதுக்கு."

விஷமாம்! எனக்கு ரத்தம் கொதித்தது. திரையைப் பார்த்தபடியே நான் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டுக்குள் போட்டு, கையை மெதுவாக இடது மார்புச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனேன். திரையில் ராஜாவின் அங்கி விலகி, கை உள்பைக்குள் நேராக இறங்கியது. கண்ணாடிக் கூட்டின் நீளம் பையின் நீளத்துக்குச் சரியாக இருந்தது. எந்த ராஜா ஐயா என் கண்ணாடிக் கூட்டு அளவுக்கு விஷம் வைத்திருந்தார் என்று சத்தமாகக் கேட்டேன். கேட்டது உண்மை. மிரட்டவில்லை. என் குரலே அப்படித்தான். பேருந்தில் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும் அல்லவா.

அதன் பிறகு, யாமினியின் பெயரை இந்தத் திரையில் எழுதும் வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று சொல்லி அங்கேயே நின்றேன். கபிலன் திரையை அணைத்தார். அணைத்த திரைக்கு முன்னாலும் நின்றேன். அதன் பிறகு ஐந்து காவலர்கள் வந்து என்னை அலாக்காகத் தூக்கினார்கள். (கண்காணிப்புப் படத்தில் ஒரு காவலர் மட்டுமே தெரிவதாக அதிகாரி சொன்னார். ஆம், ஒருவர். தூக்கவில்லை.) அந்தக் காவலர் பெயர் ரிஸ்வான். பாதுகாவலர் உரிமத்துக்கான வகுப்பில் என்னோடு படித்தவர். பக்கத்தில் வந்து காதோடு, "அண்ணே, நானும் உங்க தொழில்தான். என்னைத் தூக்க வெக்காதீங்க லா" என்றார். அவர் முகத்துக்காக நான் என் காலால் நடந்து வெளியே வந்தேன்.

கேள்வி: கோப்பு நீலமணி ஸ்டூடியோவுக்கு எப்படிப் போயிற்று என்று உங்களுக்குத் தெரியுமா?

பதில்: வெளிநாட்டிலிருந்து யாராவது கணினிக்குள் புகுந்து எடுத்திருப்பார்கள். தினமும் செய்தியில் சொல்கிறார்கள்.

கேள்வி: தம்பு டிரைவ் தன் பையை விட்டு வெளியே போகவில்லை என்று யாமினி சொல்வது உண்மையா?

பதில்: அவளுக்குத் தெரிந்தவரை உண்மை.

அதற்கு என்ன அர்த்தம் என்று அதிகாரி கேட்டார். எனக்கு எதிராகப் போகக்கூடிய எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், சொன்னால் அது பதிவாகும் என்றும் அவர் விளக்கினார். பாதுகாவலர் உரிமம் போய்விடுமா என்று கேட்டேன். தன்னால் சொல்ல முடியாது, அது வேறு பிரிவு தீர்மானிப்பது என்றார். தண்ணீர் கேட்டேன், கொடுத்தார்கள். அதன் பிறகு நான் சொன்னது பின்வருமாறு.

எங்கள் புளோக்குக்குக் கீழே பிரபாகர் என்பவர் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். ஜனவரியிலிருந்து நான் தினமும் அங்கே உட்கார்ந்து, கணினி விளையாட்டில் வரப்போகும் ராஜா நான்தான் என்று சொல்லிவந்தேன். யாரும் நம்பவில்லை. பிரபாகர், "நீங்க ராஜான்னா நான் மரினாவுல தண்ணி துப்புற மெர்லயன் சிங்கம் அண்ணே" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மார்ச் மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, நண்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு யாமினி என் வீட்டு சோபாவில் தூங்கும்போது, நான் அவள் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து தம்பு டிரைவை எடுத்தேன். கீழே கொண்டுபோனேன். பிரபாகர் அதைக் கடையின் பெரிய டிவியில் போட்டார். நான்கு பேர் பார்த்தார்கள். நான்கு பேர்தான். ஒருவர் எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். பிரபாகர், "ஒரு காப்பி இருக்கட்டும் அண்ணே, நாளைக்கு வர்றவங்களுக்கும் காட்டலாம்" என்றார். நான் சரி என்றேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இருபது நிமிடத்தில் மேலே வந்து டிரைவைப் பழைய இடத்திலேயே வைத்து ஜிப்பை மூடினேன். யாமினி எழவில்லை. என் மனைவி பார்க்கவில்லை.

கண்காட்சிக்கு மறுநாள் திங்கட்கிழமை பிரபாகரிடம் போய்க் கேட்டேன். கபிலன் கைத்தொலைபேசித் திரை மாற்ற வந்தபோது டிவியில் ராஜாவைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு காப்பி கேட்டார், கொடுத்தேன் என்றார். "ஊருக்கே காட்டச் சொன்னது நீங்கதானேண்ணே? இப்ப என்னைக் கேட்டா?" என்றார்.

முன்னே வெளிநாட்டு ஆட்கள் என்று நான் சொன்னது பொய். அதை அடித்துவிடக் கேட்டேன். அடிக்க முடியாது, திருத்தம் என்று எழுதலாம் என்றார் அதிகாரி. இது திருத்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் கோபம் தீரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். நான் கொடுத்தது பார்ப்பதற்கு. கபிலன் அதை எடுத்து, செய்தவள் யார் என்று ஒரு வார்த்தை கேட்காமல், தன் கம்பெனிப் பெயரைப் போட்டு, ஆராய்ச்சி செய்ததாக ஊரார் முன் சொன்னார். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் அவர் மேலும் எடுக்க வேண்டும். யாமினி யாருக்கும் எதையும் விற்கவில்லை, கொடுக்கவில்லை. டிரைவ் வெளியே போனது அவளுக்குத் தெரியாது. இதன் நகல் வெள்ளிக்கிழமைக்கு முன் அவள் கம்பெனிக்குப் போக வேண்டும் என்று கேட்டேன். நகல் உடனே தர முடியாது, ஆனால் கம்பெனி தன்னைத் தொடர்புகொள்ளலாம் என்று அதிகாரி தன் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

என்னை இங்கே அழைத்து வந்தது யாமினிதான். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும்போது முகப்பில் இருந்த அதிகாரியிடம், "மாமா எனக்காகத்தான் சண்டை போட்டாங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் சொன்னாள். அவளை இங்கே கூப்பிட்டு இந்தத் தாளை அதிகாரியே வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

மேலே உள்ளவை யாவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. யாரும் என்னை அதட்டவில்லை, எதற்கும் ஆசை காட்டவில்லை. ஆட்களின் எண்ணிக்கையில் நான் கூட்டிச் சொன்னவை அங்கங்கே திருத்தப்பட்டன. யாமினியின் பையை நான் திறந்தது பற்றிய பகுதி இரண்டு முறை வாசிக்கப்பட்டது. அதில் திருத்த எதுவும் இல்லை.

(கையொப்பம்) மா. ரத்னவேல்
பிற்பகல் 1.15