மாலை போட்ட மடிக்கணினியும் கயிறு கட்டிய பெட்டியும்

விழாத் தலைவர், இந்த ஆலையின் உரிமையாளர், மகுடேஸ்வரன் ஐயா அவர்களே, புதிய மடிக்கணினிகளைத் தேர்ந்து தந்த அவர்தம் மகன் ரித்தீஷ் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளை மடியில் உறங்க வைத்துக்கொண்டு விழித்திருக்கும் தாய்மார்களே, தையல் பிரிவின் தங்கைகளே, வடக்கே இருந்து வந்து நம்மோடு வாழும் சகோதரர்களே, இந்த ஆலையின் கணினிப் பிரிவைக் கவனித்துவரும் தேவிப்பிரியாவின் நடுங்கும் வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அது அழகுக்காகச் சேர்த்த சொல் அல்ல. சம்பளம் தருகிறவரின் எதிரே நின்று, அவர் ஆசையாய் வாங்கிய பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. அதற்கும் வருகிறேன்.

மேசையைப் பாருங்கள். இடப்பக்கம் ஐந்து வருடப் பழைய மேசைக்கணினி. பழைய இரும்புக்காரர் ஏற்றிப்போக வசதியாகக் கயிறு கட்டிவிட்டார்கள். வண்டியும் கேட்டில் நிற்கிறது. வலப்பக்கம் புத்தம் புதிய மடிக்கணினி. பொட்டு உண்டு, பூமாலை உண்டு. இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். நம் காம்பாக்டிங் மெஷின் துணிக்கு நீராவி காட்டி, சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி அனுப்புகிறது. உருளைக்கு முன்னே சிவப்புக் கோடு. கோட்டைத் தாண்டி ஒரு கை போனால், இது துணி அல்ல, கை என்று கேமரா வழியே கண்டு, கணினி உருளையை நிறுத்த வேண்டும். அப்படிக் கண்டுகொள்வது உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. இதுவரை காத்தது பழைய பெட்டி. நாளை முதல் காக்கப்போவது மாலை போட்ட மடிக்கணினி.

அந்த மெஷினை ஓட்டுகிற அந்தோணிராஜ் இதோ மேடையில் அமர்ந்திருக்கிறார். கழிவுத்துணி அடைத்த கையுறை ஒன்றை, மேசையில் வரைந்த சிவப்புக் கோட்டைத் தாண்டித் தாண்டித் தள்ளுகிறார். எந்தக் கணினி கண்டுகொள்கிறதோ, அதன் விளக்கு எரியும். நான் பேசத் தொடங்கியபோது முதலில் எரிந்தது எது? மடிக்கணினி. கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பொய் சொல்ல வரவில்லை, புதியது வேகமானதுதான்.

ரித்தீஷ் அவர்களும் அதைத்தான் கண்டார். ஏசி அறையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். டீ ஆறுவதற்குள் புதியது வென்றது. "பாருங்க மேடம், கார்டு நம்பரே பெருசுங்க. பழசு எப்படீங்க ஜெயிக்கும்?" என்றார். அவர் கண்டதில் பிழை இல்லை. ஆனால் எங்கே கண்டார்? எவ்வளவு நேரம் கண்டார்?

எண் பெரிதாக இருக்கலாம், பெயர் புதிதாக இருக்கலாம். அந்தப் பெரிய பெட்டியின் கார்டு குடிக்கிற மின்சாரத்தில் பாதிகூட இந்த மெல்லிய உடம்புக்குள் கொடுக்க முடியாது. கொடுத்தால் கொதிக்கும். கொதித்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். அது தன்னைக் காத்துக்கொள்கிறது, தோழர்களே. நம்மை யார் காப்பது?

தலைவரிடமிருந்து துண்டுச்சீட்டு வருகிறது. "சுருக்கமா முடிங்க மேடம்." மன்னியுங்கள் ஐயா, இன்றைக்கு மட்டும் என்னால் முடியாது. நான் பேசுகிற நேரம்தான் இந்தச் சோதனையின் நேரம். இந்தக் கொட்டகையின் வெக்கையில், இந்தப் பஞ்சுத் தூசியில், அது எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கவே பேச்சை நீட்டுகிறேன்.

அங்கே ஓர் அக்கா என்னவோ சொல்கிறார். "மாலையக் கழட்டுங்க மேடம், அதுக்குக் காத்தே போகாதுங்க." நியாயம். இதோ கழற்றிவிட்டேன். இனி யாரும் மாலையின்மேல் பழி போட வேண்டாம்.

இப்போது அந்தப் பெரிய பயத்தைச் சொல்கிறேன். போன வாரம் வெள்ளோட்டமாக இந்த மடிக்கணினியை மெஷின் பக்கத்தில் வைத்தோம். காலையில் கச்சிதமாகக் காத்தது. மதிய வெயில் கூரைத் தகரத்தைச் சுட்டபோது துணியில் ஒரு மடிப்பு விழுந்தது. அதை நீவிவிட அந்தோணிராஜ் கையை நீட்டினார். உருளை நிற்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். தொளதொளத்த கையுறை உள்ளே போனது. கை வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் விளக்கு எரிந்தது. அவர் தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மேடம், கை இருக்கு" என்றார்.

கை இருக்கு. அந்த இரண்டு சொல் என்னைத் தூங்க விடவில்லை. ஒயர் தளர்ந்திருக்கும் என்று ரித்தீஷ் சொன்னார். ஒயரை மாற்றினோம். என் பயம் மாறவில்லை. அந்தோணிராஜின் மனைவி அனுசுயா இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். நாளை அந்த உருளை சுழலும்போது நான் எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்?

இப்போது விளக்குகளைப் பாருங்கள். மடிக்கணினியின் விசிறி கத்துவது பின்வரிசைக்கும் கேட்கும். விரல்நுனி கோட்டைத் தொட்டதும் பழைய பெட்டியின் விளக்கு எரிகிறது. புதியதோ மணிக்கட்டு தாண்டிய பிறகு எரிகிறது. இன்னொரு முறை தள்ளுங்கள், அந்தோணி. பார்த்தீர்களா? யாரும் கைதட்டவில்லை.

தலைவர் எழுந்துவிட்டார். மேசைக்கு வருகிறார். ஐயா, நான் சொன்னதில் தவறிருந்தால்... கையுறையை ஒதுக்கிவிட்டுத் தன் கையையே கோட்டைத் தாண்டி நீட்டுகிறார். பழையது எரிந்தது. புதியது, இதோ, இப்போதுதான் எரிகிறது. மறுபடியும் நீட்டுகிறார். மறுபடியும் அதேதான். தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். மைக்கை வாங்கிப் பேசிவிட்டுத் திருப்பித் தந்தார், அவர் சொன்னதை நீங்களே கேட்டீர்கள்: "ரித்தீசு, கேட்டுல நிக்கிற வண்டியத் திருப்பி அனுப்பியுடு. அந்தோணி, பழைய பொட்டிக் கயித்த அவுத்துடுங்க. அது இருந்த எடத்துலயே இருக்கட்டும். நீங்க பேசி முடிங்க மேடம்."

முடிக்கிறேன் ஐயா. மடிக்கணினி நமக்குப் பகை அல்ல. ஏசி அறையில் அது டிசைன் வரையட்டும், அழகாக வரையும். ஆனால் கையைக் காக்க வருகிற கருவி எதுவானாலும், கை இருக்கும் இடத்தில், கை வேகும் வெக்கையில், ஒரு ஷிப்ட் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு மாலை போடுவோம். என் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. பழைய பெட்டியும் ஒருநாள் தவறலாம். அதனால் நாளைக் காலையும் பயந்துகொண்டேதான் அந்த உருளைப் பக்கம் வந்து நிற்பேன்.

பேச இடம் கொடுத்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. இனிக் கைதட்டலாம். அந்தோணி, நீங்கள் முதலில் தட்டுங்கள்.

இரண்டு கையாலும் தட்டுகிறார். எனக்கு இந்தச் சத்தம் போதும். வணக்கம்.